கச்சத்தீவு அறிவிப்பின் டிவி பதிவு எங்கே போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். கடை இராமநாதபுரத்தில். அப்பா பாம்பனில் ரேடியோ, டிவி மெக்கானிக்காக இருந்தவர். தேர்தல் நெருங்கினாலே மாணவர்களும் பத்திரிகைக்காரர்களும் கட்சிக்காரர்களும் வந்து கச்சத்தீவு பற்றி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

1974இல் கச்சத்தீவு ஒப்பந்தத்தை அரசு அறிவித்த காட்சி டிவியில் வந்ததாமே. அந்தப் பதிவு உங்களிடம் இருக்கிறதா?

என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் இருக்க முடியாது. அதைத் தொலைந்துபோன பதிவு என்று சொல்வதே சரியில்லை. அந்தக் காட்சியை யாரும் எடுக்கவே இல்லை.

பாக் நீரிணையில் எல்லைக் கோடு போட்டு, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் விழும்படி செய்த ஒப்பந்தம் 1974 ஜூன் மாதம் கையெழுத்தானது. அதை நாடாளுமன்றத்தில் முறைப்படி அறிவித்தவர் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங். நாள் 1974 ஜூலை 23. அவர் மக்களவையில் அறிக்கையை வைத்ததும் தமிழக உறுப்பினர்கள் எழுந்து எதிர்த்தார்கள். தி.மு.க.வின் இரா. செழியன் பேசினார். அப்போது நம் இராமநாதபுரம் தொகுதி உறுப்பினராக இருந்த பார்வர்டு பிளாக் பி.கே. மூக்கையாத் தேவரும் பேசினார். வெளிநடப்பும் நடந்தது.

எல்லோரும் பார்க்க ஆசைப்படுவது இந்தக் காட்சியைத்தான். நம் ஊர் எம்.பி. எழுந்து நின்று நம் கடலுக்காகப் பேசியதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று அவைக்குள் டிவி கேமராவுக்கு இடமே கிடையாது. நாடாளுமன்ற நிகழ்ச்சி ஒன்று முதன்முதலாக டிவியில் வந்தது 1989 டிசம்பர் 20 அன்று, அதுவும் குடியரசுத் தலைவர் உரை. கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பானது 1994 டிசம்பரில். மக்களவைக்கென்று தனி சேனல் வந்தது 2006இல். 1974இன் அந்தப் பேச்சுகளுக்கும் முதல் கேமராவுக்கும் நடுவே பதினைந்து வருட இடைவெளி இருக்கிறது.

எங்கள் தாத்தா டிவியில் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறாரே?

தாத்தா பொய் சொல்லவில்லை. எதையோ பார்த்திருக்கிறார். ஆனால் அது டிவி இல்லை.

1974 நடுவில் இந்தியாவில் டிவி தெரிந்த இடங்கள் டெல்லி, பம்பாய், ஸ்ரீநகர், அமிர்தசரஸ், அவற்றின் சுற்றுவட்டாரம், அவ்வளவுதான். சென்னையில் டிவி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று, அதாவது ஒப்பந்தம் முடிந்து ஓராண்டுக்கு மேல் கழித்து. அப்படித் தொடங்கியதும் சென்னையைச் சுற்றித்தான் தெரிந்தது. 1975–76இல் செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்கு டிவி காட்டிய பெரிய சோதனைத் திட்டம் ஒன்று ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் நடந்தது. அதிலும் தமிழ்நாடு இல்லை.

அந்தக் காலத்தில் சினிமா கொட்டகையில் படம் போடுவதற்கு முன்னால் அரசின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப் படம் ஓடும். தலைவர்கள் விமானத்தில் இருந்து இறங்குவது, கை குலுக்குவது, கோப்பில் கையெழுத்திடுவது எல்லாம் நம் ஆட்கள் பார்த்தது அங்கேதான். நாற்பது வருடம் கழிந்தபின் மனதுக்குள் கொட்டகையின் திரை டிவி பெட்டியாக மாறிவிடுகிறது. தாத்தாவிடம் "எந்த ஊரில், யார் வீட்டு டிவியில் பார்த்தீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ஏதோ ஒரு கொட்டகையின் பெயரில் போய் நிற்கும்.

இலங்கை டிவியில் இருக்குமா?

இருக்காது. 1974இல் இலங்கையில் டிவியே இல்லை. அங்கே முதல் ஒளிபரப்பு 1979 ஏப்ரலில்தான் தொடங்கியது.

இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்திடும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. அது உண்மையா?

"கச்சத்தீவு ஒப்பந்தம்" என்ற தலைப்போடு அப்படி ஒன்று வந்தால் நம்பாதீர்கள். ஒப்பந்தத்தின் கடைசியில் இரண்டு கையெழுத்துக்கும் இரண்டு ஊர், இரண்டு தேதி இருக்கிறது. சிறிமாவோ கையெழுத்திட்டது கொழும்பில், ஜூன் 26. இந்திரா கையெழுத்திட்டது புது டெல்லியில், ஜூன் 28. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த காட்சிக்கு இடமே இல்லை.

இருவரும் சேர்ந்து நிற்கும் படங்கள் உண்மையாகவே நிறைய இருக்கின்றன. 1976 ஆகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் மாநாடு நடந்தது, இந்திரா அதற்குப் போனார். அந்த மாதிரிப் படங்களை எடுத்துப் புதிதாகத் தலைப்பு ஒட்டுவது சுலபம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. 1974 காட்சி என்று சொல்லிக்கொண்டு மூலையில் தூர்தர்ஷன் சின்னம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். டிவி, ஆகாசவாணியில் இருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பானது 1976 ஏப்ரல் 1 அன்று. கலர் ஒளிபரப்பு வந்தது 1982இல். சினிமா பிலிமில் கலர் அதற்கு முன்பே உண்டு. அதனால் கலர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு படத்தைப் பொய் என்று தள்ள வேண்டாம். 1974இல் டிவியில் கலரில் வந்தது என்று சொன்னால் மட்டும் அது பொய்.

1976இல் இரண்டாவது ஒப்பந்தம் வந்ததே, அது?

1976 மார்ச் 23. மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை போட்டார்கள். ஒரு நாட்டு மீனவர் அடுத்த நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்பதும் அதையொட்டிப் பரிமாறிக்கொண்ட கடிதங்களில்தான் வந்தது. எங்கள் கரை மீனவர்களுக்கு 1974ஐ விட இதுதான் பெரிய அடி என்று நான் நினைக்கிறேன். ஆனால் இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

அப்போது சென்னையில் டிவி வந்திருந்தது. நெருக்கடி நிலையும் வந்திருந்தது. செய்திக்குத் தணிக்கை. சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கக்கூடிய தி.மு.க. அரசை அந்த ஜனவரி 31 அன்றே கலைத்துவிட்டார்கள். கேமரா இருந்தாலும் எதிர்ப்பைக் காட்டும் காலமாக அது இல்லை.

அப்படியானால் நம் கடலோரத்துக்கு டிவி எப்போதுதான் வந்தது?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

எங்கள் பக்கத்து ஆட்களில் பலர் முதலில் பார்த்தது சென்னை டிவியை இல்லை. இலங்கையின் ரூபவாஹினியைத்தான் பார்த்தார்கள். 1982 பிப்ரவரி 15 அன்று அது தொடங்கியது. இலங்கையிலேயே உயரமான மலை பிதுருதலாகலை, 2,524 மீட்டர். அதன் உச்சியில் இருந்து ஒளிபரப்பு. அங்கிருந்து இராமேஸ்வரத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நடுவில் மலை, கட்டடம் எதுவும் மறைக்காது, கடைசித் தூரம் முழுக்கக் கடல். காற்று அடங்கிய வெக்கையான இரவில் கடலுக்கு மேலே சூடான காற்று ஒரு மூடி மாதிரி படிந்துவிடும். அலைகள் மேலே தப்பிப் போகாமல் அந்த மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஊர்ந்து வரும். அன்றைக்குப் பக்கத்து ஊர் ஒளிபரப்பு மாதிரி படம் நிற்கும். இரண்டு நாட்டிலும் பால் (PAL) என்ற ஒரே டிவி ஒளிபரப்பு முறை என்பதால் நம் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அப்பா அந்த வருடம் முழுக்க ஆன்டெனா கட்டிக்கொண்டே இருந்தார். ஜி.ஐ. பைப்பை இரண்டு, மூன்றாக இணைத்து உயர்த்தி, உச்சியில் அலுமினியக் குழாய்களைத் தென்கிழக்கே திருப்பி வைத்து, கீழே அலையைப் பெருக்க ஒரு பூஸ்டர். பைப் வாங்க வசதியில்லாத வீட்டில் பனைமரத்தில் ஏறிக் கட்டுவார்கள். உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் இணைப்பு பச்சை பூத்துவிடும், மறுபடி ஏற வேண்டும். மாலையில் தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் சிங்களச் செய்தி, அடுத்த வீட்டில் தமிழ்ச் செய்திக்காகக் காத்திருக்கும் கூட்டம். கூரையில் ஒருவர் நின்று "இப்போ தெரியுதா?" என்று கேட்க, வாசலில் இருந்து "இன்னும் கொஞ்சம் திருப்புண்ணே" என்று பதில் போகும்.

இராமேஸ்வரத்தில் இன்று நிற்கும் 323 மீட்டர் டிவி கோபுரம் இந்தியாவிலேயே உயரமானது. அது 1990களில் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நாங்கள் பனைமரத்தில் ஆன்டெனா கட்டிய கதையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சரி, அப்போது எதுதான் உண்மையாகவே தொலைந்தது?

1987 ஜூலை 29. கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனவும் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள். அன்று மாலை ரூபவாஹினியில் வந்த செய்தியை அப்பா கேசட்டில் பதிந்தார். வாடகைக்கு விடுவதற்காகக் கடையில் ஒரு டெக் (கேசட்டை ஓட்டும், பதியும் வி.சி.ஆர். கருவி) வைத்திருந்தார், அதில்தான். மண்டபம் முகாமில் அகதிகளாக இருந்த குடும்பங்கள் பல நாள் வந்து அந்தக் கேசட்டைப் போடச் சொல்லிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று அழுதவர்களும் இருந்தார்கள், ஒன்றும் பேசாமல் எழுந்து போனவர்களும் இருந்தார்கள்.

பின்னால் ஒரு கண்காட்சிக்கென்று ஓர் அலுவலகத்தில் இருந்து வந்து கேட்டார்கள். அப்பா கொடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அதே உறையில் கேசட் திரும்பி வந்தது. லேபிளில் அப்பாவின் கையெழுத்து. உள்ளே வேறு கேசட், யாரோ நடத்திய ஆண்டு விழா. அப்பா நான்கு முறை போய்க் கேட்டார். அப்புறம் போவதை விட்டுவிட்டார்.

இப்போது எனக்கு இது ஒரு தொழிலாக இருப்பதற்குக் காரணமே அந்தக் கேசட்தான்.

டிவி நிலையங்களிலேயே பத்திரமாக வைத்திருப்பார்களே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். வீடியோ டேப் அன்று மிகவும் விலை கூடிய பொருள். ஒளிபரப்பு முடிந்தால் அழித்துவிட்டு அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்ததை நேரடியாகப் பதிந்த மூல டேப்புகளையே நாசா பிற்பாடு அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டது. மூன்று ஆண்டுகளாகத் தேடிவிட்டு 2009இல் அதை ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் எப்படி மீட்டார்கள்? டிவி நிலையங்களிலும் மற்ற இடங்களிலும் தங்கியிருந்த நகல்களைத் தேடி எடுத்துத்தான் படத்தைச் சரிசெய்தார்கள்.

நாசாவுக்கே அந்தக் கதி என்றால் நம் கடலோர உள்ளூர் கேபிளில் ஓடிய செய்தியை யார் வைத்திருப்பார்கள்? 1990களில் ஒவ்வோர் ஊரிலும் கேபிள்காரர்கள் சொந்தமாகச் செய்தி போட்டார்கள். படகு பிடிபட்டது, புயல் வந்தது, ஆட்சியர் துறைமுகத்துக்கு வந்து மீனவர்களிடம் பேசியது எல்லாம் அதில் வந்தது. இருந்தது ஒரே கேசட், அதன் மேலேயே மறுநாள் செய்தியைப் பதிந்தார்கள்.

எங்கள் வீட்டில் பழைய கேசட் சில இருக்கின்றன. எதை முதலில் பார்க்க வேண்டும்?

கல்யாணக் கேசட்டை. அதைக் கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள்.

மூன்று மணி நேரக் கேசட்டில் கல்யாணம் இரண்டரை மணி நேரம் ஓடும். மீதி அரை மணி காலி. புதுக் கேசட் வாங்க எல்லோராலும் முடியாது. ஏதாவது பெரிய செய்தி வந்தால் கைக்குக் கிடைத்த கல்யாணக் கேசட்டைச் செருகி, பந்தி முடிந்த இடத்தில் இருந்து பதிந்துவிடுவார்கள். வீட்டுக்காரர்களுக்கே அது மறந்துபோயிருக்கும். மணமக்கள் காரில் ஏறியதும் "அவ்வளவுதான்" என்று நிறுத்திவிடுகிறோம், அதற்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்த்ததில்லை.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் வி.சி.ஆர். முன்கூட்டியே வந்துவிட்டது. அந்த வீடுகளின் பரணில் இருக்கும் பெட்டிகளைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

கேசட்டில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். அது பூஞ்சை. நம் கடல் காற்றின் ஈரத்தில் நன்றாக வளரும். டெக்கில் போட்டால் பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும், சில நேரம் டேப் சிக்கி அறுந்தும் போகும். கேசட்டில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக டேப் சுருளின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடி தெரிந்தால் தனியாக ஒரு பையில் போட்டுச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். கருவாடு காயவைப்பது போல மொட்டை மாடியில் பரப்பி வைத்து நெளிந்துபோன கேசட்டுகளோடு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பூஞ்சை இல்லாத கேசட்டைப் புத்தகம் மாதிரி நிற்கவைத்து, சுவரோரம் படாமல், மூடும் டப்பாவில் வைத்தால் போதும். ஆனால் ரொம்ப நாள் வைத்திருக்கவும் முடியாது. டேப்பும் பழசாகிறது, ஓட்டும் கருவியும் கிடைப்பதில்லை. உலகில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. என்னிடம் இருக்கும் மூன்று டெக்கும் பழைய டெக்குகளின் பாகங்களால்தான் ஓடுகின்றன.

மாற்றித் தருபவரிடம் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

முழுக் கேசட்டையும் மாற்றச் சொல்லுங்கள். "கல்யாணம் மட்டும் போதும்" என்று சொல்லாதீர்கள். பொரி பொரியாக இருக்கும் இடத்தையும் வெட்ட வேண்டாம், அதற்குள் குரல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்குச் சுருக்கிய கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பெரிய கோப்பையும் கேளுங்கள். DV என்ற டிஜிட்டல் வீடியோ வடிவில் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. வரும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிய அளவே இல்லை. கேசட்டைத் தூக்கிப் போடாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள்.

1974 பற்றி ஏதாவது ஆதாரம் வேண்டுமானால் எங்கே போவது?

ஜூலை 23 அன்று யார் என்ன பேசினார்கள் என்பது வார்த்தைக்கு வார்த்தை மக்களவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகி இருக்கிறது. நாடாளுமன்ற மின்னூலகத்தில் படிக்கலாம். 1974 ஆகஸ்ட் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பில். பிலிம்ஸ் டிவிஷனின் பழைய செய்திப் படங்கள் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவை பிலிமில் இருப்பதால் டேப்பைப் போல மேலேயே பதிந்து அழிக்க வழியில்லை.

ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவையும் படித்துவிடுங்கள். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் அதுவரை போய்வந்தது போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், விசாவோ பயண ஆவணமோ தேவையில்லை என்கிறது. "போய்வந்தது போலவே" என்றால் என்ன? அதை எந்தக் குறிப்பும் சொல்லாது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் எண்பது வயதைத் தாண்டியவர்கள் சொல்வார்கள். என் பெரியப்பா அங்கே வலை காயவைத்தவர், அந்தோணியார் திருவிழாவுக்கு வத்தை என்ற படகில் குடும்பத்தோடு போனவர். ஒப்பந்தம் பற்றி அவருக்குத் தெரிந்தது கடலில் இருந்து திரும்பி டீக்கடையில் பேப்பர் வாசிக்கக் கேட்டபோதுதான். நாற்பது நிமிடம் அவர் பேசியதைப் போனில் பதிந்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். பதிந்த அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், போனை அவர் பக்கத்தில் வையுங்கள், இடையில் பேசாதீர்கள். முதலில் ஊர், தேதி, பேசுபவரின் வயது மூன்றையும் சொல்லிப் பதியுங்கள்.

அப்பாவின் 1987 கேசட் திரும்பக் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. ஆனால் சென்ற ஆண்டு கீழக்கரையில் இருந்து ஒரு கல்யாணக் கேசட் வந்தது. 1987 ஆனி மாதக் கல்யாணம். பந்தி முடிந்து, வழியனுப்பி, திரை நீலமான பிறகும் ஓடவிட்டேன். திடீரென்று ரூபவாஹினிச் செய்தி. ராஜீவும் ஜெயவர்தனவும் மேசையில் குனிந்திருக்கிறார்கள். அதே ஜூலை 29. அப்பா பதிந்தது இல்லை, அதே மாலையில் இன்னொரு வீட்டில் இன்னொருவர் பதிந்தது. மொத்தம் பதினோரு நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் படம் முழுக்கப் பொரிந்து, குரல் மட்டும் கொஞ்ச நேரம் வந்து, மறுபடி தெளிகிறது. ஆடி மாதத் தென்மேற்குக் கச்சான் காற்றில் ஆன்டெனா கம்பம் ஆடியிருக்கும், யாரோ கூரையில் ஏறித் திருப்பியிருப்பார்கள்.

அந்த வீட்டம்மா மகளின் கல்யாணத்தை மட்டும் கேட்டுத்தான் கேசட்டைக் கொடுத்தார். இரண்டையும் தனித்தனிக் கோப்பாகப் போட்டுக் கொடுத்தேன். செய்தியை என் முன்னால் உட்கார்ந்தே பார்த்தார். படம் தெளிந்த இடம் வந்ததும், "இது எங்க வீட்டுக்காரர் ஏறினது" என்றார்.